எழுதாத புகாருக்கு வந்த பதில்

வேன் ஷார்ஷெனை இறக்கிவிட்ட முச்சந்தியிலிருந்து அவர் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். ஜனவரி மாதம், புதன்கிழமை, பள்ளத்தாக்கில் மூன்று நாளாகக் காற்று ஓயவில்லை. நாரின் நகர ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு, கால் தரையில் பாவாமல் வந்து வண்டியில் உட்கார்ந்தவர் பாதி வழியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். முச்சந்தியில் டிரைவர் எர்மெக் தோளைத் தட்டி எழுப்பினான்.

"அண்ணே, இன்னைக்கு ஊருக்குள்ள வண்டி போகாது. இவங்களை மேற்கால கல்யாண வீட்டுல கொண்டுபோய் விடணும். இறங்கிக்கங்க. பின்னாடி ஏதாச்சும் வரும்."

பின்னால் எதுவும் வரவில்லை. ஷார்ஷென் இரண்டு கிலோமீட்டர் நடந்தார். அதன்பிறகு சாலையோரப் பனியில் உட்கார்ந்தார். வைக்கோல் ஏற்றிக்கொண்டு டிராக்டரில் வந்த சாத்தார் அவரை முதலில் ஏதோ மூட்டை என்றுதான் நினைத்தாராம்.

ஜிபாருக்குச் சேதி வந்தபோது அவள் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் இருந்தாள். அங்கே நிலக்கரி அள்ளிப் போடுவது அவள் வேலை. விடிகாலை நாலு மணிக்கு வந்து முதல் நாள் சாம்பலை வாரி, தீ மூட்டி, ஏழரைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் பதினாலு வகுப்பறையும் சூடாகிவிட வேண்டும். அந்த வருஷம் வந்தது மட்டமான கரி. புகையும், பிடிக்காது. பிடித்தால் சீக்கிரமே சாம்பலாகும். நாளைக்கு நாற்பது வாளி அள்ளியவள் இப்போது ஐம்பத்தைந்து அள்ளிக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைக்காமல், மண்வெட்டியைக்கூட கீழே வைக்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

ஷார்ஷெனை அடுப்போரம் கிடத்தியிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைத்தான் இழுத்துப் பிடித்தாள். முழங்கைக்குக் கீழே டாக்டர்கள் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த வழியாகத்தான் இயந்திரத்துக்கு ரத்தம் போகும், வரும். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே மடியில் படுத்த பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். மூன்று வருஷமாக, காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் பூட்ஸ் மாட்டுவாள்.

தொட்டாள். இடம் மாற்றித் தொட்டாள். காதை வைத்துக் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல."

"குளிர்ல அப்படித்தான் இருக்கும். விடு" என்றார் ஷார்ஷென், பல் கிட்டிக்க.

மறுநாள் டாக்டரம்மா சொன்னாள்: "ஊசி எடுத்த கையோட ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். அந்த நேரத்துல போய் குளிர்ல கிடந்திருக்காரு. குழாய் அடைச்சுப்போச்சு. இனிமே இந்தக் கை உதவாது." கழுத்தில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகினார்கள்; இனி இயந்திரத்துக்கு அதுதான் வழி. கழுத்துக் குழாயில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னாள். வலது கையில் புதிதாகத் தைக்கலாம். எப்போது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

ஷார்ஷென் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராக்டர் ஓட்டின கை அது. ஜிபார்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, எதிரே வருபவர் போகிறவர் காதில் எல்லாம் விழும்படி கெங்கேஷின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள்.

கெங்கேஷ் வேன்களின் முதலாளி. பள்ளத்தாக்கிலிருந்து நாரினுக்குப் போக வேறு வண்டி கிடையாது. இயந்திரத்தை நம்பி உயிர் வைத்திருக்கும் நாலு சிறுநீரக நோயாளிகளைத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும் என்று சொல்லித்தான் மாவட்ட ஆபீஸ் அந்தத் தடத்தை அவனுக்குக் கொடுத்திருந்தது. முதல் கோடையில் வண்டி ஒழுங்காக வாசலுக்கு வந்தது. இலையுதிர் காலத்தில் தெருமுனையில் நின்றது. பனி விழுந்ததும் 'வந்தா வரும்' என்றாகிவிட்டது.

அன்று மாலையே ஜிபார் நாரின் பஸ் நிலையத்துக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் கிளாரா உட்கார்ந்து கெங்கேஷின் வேன்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். ஜிபார் வயதுதான் இருக்கும். பழைய காலத்து வழக்கப்படி, புகார்ப் புத்தகம் கயிற்றில் கட்டி ஆணியில் தொங்கியது. ஜிபார் அதைப் பிடுங்கி எடுத்து, நின்றபடியே ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கின மாதிரி இருந்தது.

பத்து நாள் ஆயிற்று. ஒரு பதிலும் இல்லை. இடையில் இரண்டு முறை வண்டி வரவே இல்லை. சாத்தார் வைக்கோல் வேலையை விட்டுவிட்டுத் தன் பழைய காரில் கொண்டுபோனார். பதினோராம் நாள் ஷார்ஷென் இயந்திரத்தில் கிடந்த நேரத்தில் ஜிபார் மறுபடி போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் பக்கம் இல்லை. தைத்த நூலோரம் கிழிந்த தாளின் அடி மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி தெரிந்தது.

"என் பக்கம் எங்க?"

கிளாரா தலை நிமிரவில்லை. "எந்தப் பக்கம்?"

"ஏய், என்னை யாருன்னு நெனச்ச? நான் எழுதின பக்கம் எங்க?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளாரா ஜன்னலை அடைத்து 'பத்து நிமிடம்' என்ற பலகையை மாட்டிவிட்டு, கோட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

"என்ன எழுதினன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"ஏன் இல்லாம? கெங்கேஷ் கண்ணு அவியணும்னு எழுதினேன். அவன் வண்டி பள்ளத்துல உருளணும்னு எழுதினேன்."

"அந்த வண்டியில யாருடி போறது? உன் புருஷன்தானே?"

கிளாரா ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள்.

"கிழிச்சது நான்தான். மொதலாளி அதைச் சத்தமாப் படிச்சுச் சிரிச்சாரு. அப்புறம், இது மிரட்டல், போலீசுல குடுத்தா இவ மேலயே கேசு திரும்பும்னாரு. அவரு டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கிழிச்சு அடுப்புல போட்டேன்."

"எனக்கு உபகாரம் பண்ணினேன்னு சொல்றியா?"

"ஒரு உபகாரமும் இல்ல. உங்க கூச்சலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது போச்சு. வண்டி வரலன்னாலும் என்னைத் திட்டுறீங்க. டிரைவர் குடிச்சாலும் என்னைத் திட்டுறீங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதானே இருக்கேன்? அவரு முகத்தையாச்சும் பார்த்திருக்கியா நீ?" கிளாராவுக்கு மூச்சு வாங்கியது. "இருபத்தி ரெண்டு வருசமா இந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். அழுது எழுதினா உச்சுக் கொட்டுவாங்க. சாபம் விட்டா சிரிப்பாங்க. மணி, வண்டி நம்பர், எந்த விதி, யாரு சாட்சி, உனக்கு என்ன வேணும், எத்தனை நாளைக்குள்ள வேணும்னு எழுதிப் பாரு. அப்பத்தான் அந்த ஆளு மூக்குக்கண்ணாடியத் தேடுவாரு."

"விதியா? அது எனக்கு எங்க தெரியும்?"

"மாவட்ட ஆபீசு வராந்தாவில ஒப்பந்தத்தை ஒட்டி வச்சிருக்கான். ஏழாவது விதி. படிக்கத் தெரியும்ல? புத்தகத்துல எழுதாத. தாள்ல எழுது, ரெண்டு எழுது. ஒண்ணுல வரவு முத்திரையும் நம்பரும் போட்டு வாங்கிக்க. நம்பர் விழுந்த தாளை என்னாலயும் கிழிக்க முடியாது, அவராலயும் கிழிக்க முடியாது."

"உனக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்."

"இங்க யாரு கேட்டா?" கிளாரா உள்ளே போய்ப் பலகையைக் கழற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிபார் சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் தாளை விரித்தாள். ஒரு பக்கம் உருளைக்கிழங்கு ஊறிக்கொண்டிருந்தது. ஷார்ஷெனுக்கு உருளைக்கிழங்கை நறுக்கி, இரண்டு தண்ணீரில் ஊறவைத்து, அதையும் கொட்டிவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும். உப்புக் கூடாது. அந்தப் பக்கத்தில் டீக்கும் உப்புத்தான் போடுவார்கள்; அது இல்லாமல் அவர் குடிக்கும்போது தண்டனைக் கைதி மாதிரி இருப்பார். அதுவும் நாளைக்கு மூன்று கிண்ணம்தான்.

மண்வெட்டி பிடித்த கைக்குப் பேனா சிறிதாக இருந்தது. எழுதியதைச் சத்தமாகப் படித்தாள்.

"ஈவிரக்கமில்லாத கெங்கேஷ் அவர்களுக்கு..."

"அந்த ஈவிரக்கத்தை எடு" என்றார் ஷார்ஷென் படுக்கையிலிருந்து.

"ஏன்? பொய்யா?"

"நிஜந்தான். அதுக்கு மணி என்ன, நம்பர் என்ன?"

அவள் முறைத்தாள். அந்தச் சொல்லை அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மனுஷ ஜென்மமே இல்லாத உங்கள் டிரைவர் எர்மெக்..." என்று தொடங்கினாள்.

"பையன் பேரை எழுதாத." அவர் குரல் மாறியிருந்தது. "அவன் அப்பனும் நானும் ஒரே கொட்டகையில டிராக்டர் விட்டோம்."

"அந்தப் பையன்தான் உங்களைப் பனியில தள்ளினான்."

"தள்ளல. இறக்கினான். இறக்கும்போது என் முகத்தைப் பாக்கல. அவனா செஞ்சிருந்தா பார்த்திருப்பான்." கழுத்துக் குழாய் இடிக்காமல் மெல்லத் திரும்பிப் படுத்தார். "இதையெல்லாம் விட்டுடேன் ஜிபார். அவன் கோவிச்சுக்கிட்டு வண்டியையே நிறுத்திட்டா? ஆஸ்பத்திரிக்கு என்னை நீ முதுகுலயா தூக்கிட்டுப் போவ?"

அதுதான் அவளுக்கும் உள்ளூர இருந்த பயம். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதும் கோபம் அவர்மேலேயே திரும்பியது.

"ரெண்டு நாள் விட்டா உங்களுக்கு மூச்சு முட்டும். அது அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதானே வேணுங்கும்போது வரான், வேணாங்கும்போது விடுறான்? விடு விடுன்னு விட்டுத்தான் வாசல்ல நின்ன வண்டி தெருமுனைக்குப் போச்சு. தெருமுனையில நின்னது முச்சந்திக்குப் போச்சு. இன்னும் எதைங்க விடணும்?"

ஜிபார் நாலு தாள் கிழித்தாள். ஒவ்வொரு தாளிலும் வசவு குறைந்தது. குறையக் குறைய எழுதியது கனத்தது. சாத்தாரிடம் போய் மணி கேட்டாள். போனில் அவர் அவளைக் கூப்பிட்ட நேரம் 4.10 என்று பதிவாகியிருந்தது. மாவட்ட ஆபீஸ் சுவரிலிருந்து ஏழாவது விதியைக் கையால் நகலெடுத்தாள். டாக்டரம்மாவிடம் சீட்டு வாங்கினாள். ஐந்தாவது தாள் இப்படி இருந்தது:

'ஜனவரி 17, புதன்கிழமை, மதியம் 2.30 மணிக்கு உங்கள் 0417 எண் வேன் என் கணவர் ஷார்ஷெனை முச்சந்தியில் இறக்கிவிட்டது. எங்கள் வீடு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். அன்றைய குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. ஒப்பந்தத்தின் ஏழாவது விதிப்படி நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்க வேண்டும். சாலையில் கிடந்தவரைச் சாத்தார் கண்டெடுத்து 4.10 மணிக்கு எனக்குத் தகவல் சொன்னார். அவர் கையெழுத்து கீழே. என் கணவருக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு டாக்டரின் சீட்டு இத்துடன் உள்ளது.

நான் கேட்பது மூன்று. ஒன்று, திங்கள், புதன், வெள்ளி வண்டி எங்கள் வாசலுக்கு வர வேண்டும். இரண்டு, அந்த நாட்களில் நோயாளிகளின் நாலு இருக்கைகளை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. மூன்று, அன்று வண்டியைத் திருப்பச் சொன்னது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். பதினாலு நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை. இதன் நகல் மாவட்ட ஆபீசுக்குப் போகிறது.'

ஷார்ஷென் வாங்கிப் படித்தார். "உன்னைத் தெரிஞ்ச எவனும் இது நீ எழுதினதுன்னு நம்ப மாட்டான்" என்றார்.

பஸ் நிலையத்துக்குள்ளேயே இருந்த கெங்கேஷின் கம்பெனி ஆபீசில் குமாஸ்தா தாளை வாங்கி மேசை ஓரம் போட்டான். "சரி, நீங்க போகலாம்."

"முத்திரை போடு."

"முத்திரை உள்ள பூட்டி இருக்கு. சாவி மொதலாளிகிட்ட."

"வரட்டும். இருக்கேன்."

ஆபீசுக்கும் பயணிகள் கூடத்துக்கும் ஒரே வாசல்தான். அந்த வாசலில், வழியை மறித்து, கோட்டைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ரொட்டியையும் டீக் குடுவையையும் எடுத்து வைத்தாள். "எதுக்கு இங்க உக்காந்திருக்கே?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், "ஜனவரி பதினேழு, மதியம் ரெண்டரை மணிக்கு..." என்று ஆரம்பித்து கடைசி வரி வரை ஒரே மாதிரி சொன்னாள். கத்தவில்லை. கத்தாமல் இருப்பதற்குத்தான் உடம்பெல்லாம் வலித்தது. ஆறாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பூட்டியிருந்த முத்திரை எப்படியோ வெளியே வந்துவிட்டது. வரவு எண் 31.

பதிமூன்றாம் நாள் தபால் வந்தது. ஜிபார் வாசலிலேயே பிரித்தாள். 'தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. வண்டியைத் தன்னிச்சையாகத் திருப்பிய ஓட்டுநர் எர்மெக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தங்கள் புகார் இத்துடன் முடிக்கப்பட்டது.' வாசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் அதை இரண்டாம் தடவை படிக்கும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கொதிகலன் அறைக்கு எர்மெக்கின் மனைவி அய்ஜான் வந்தாள். கைக்குழந்தையைச் சால்வையில் சுற்றி முதுகில் கட்டியிருந்தாள். கரிக்குவியல் மேலேயே ஏறி நின்றாள்.

"இப்ப குளுந்துச்சா உனக்கு? எங்க வீட்டுப் பாலை வாங்கிக் குடிச்ச வாயிதானே அது? உன் புருஷனுக்கு ஒரு கைதான் போச்சு. என் வீட்டுல அடுப்பே அணைஞ்சுபோச்சு!"

எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஜிபார் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள்.

"இறங்கு கீழ. அந்தக் கரி சரியும், பிள்ளையோட விழுவ."

"விழுறேன். அதையும் எழுதி அனுப்பு!"

ஜிபார் கோட்டு உள்பையிலிருந்து முத்திரை விழுந்த நகலை எடுத்து நீட்டினாள். "உனக்குப் படிக்கத் தெரியும்ல? உன் புருஷன் பேரு எந்த வரியில இருக்குன்னு காட்டு. காட்டினா இந்த மண்வெட்டியாலயே என் மண்டையில போடு."

அய்ஜான் படித்தாள். உதடு அசைய மறுபடி படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். இறங்கி வந்தாள்.

"பேரே இல்லையே... அப்ப எதுக்கு இவரை நிறுத்தினாங்க?"

"திருப்பச் சொன்னது யாருன்னு கேட்டேன். கையில சிக்கினவனைக் காட்டிட்டான். உன் வீட்டுக்காரன் எங்க இருக்கான் இப்ப?"

எர்மெக் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். தேவைக்கு மேலேயே பிளந்து குவித்திருந்தான். ஜிபாரைக் கண்டதும் கோடரியைக் கீழே வைக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"நீ அவரை இறக்கிவிட்ட" என்றாள் ஜிபார். "அதை நான் மறக்கப் போறதில்ல, மன்னிக்கப் போறதும் இல்ல. அது உனக்கும் எனக்கும் உள்ள சங்கதி. வண்டியைத் திருப்பச் சொன்னது யாரு?"

"அதைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க அக்கா? நான் திருப்பலைன்னா வேற எவனாச்சும் திருப்பியிருப்பான்."

"நான் அதைக் கேக்கல."

"வாயை மூடிக்கிட்டு இருந்தா வசந்த காலத்துல திரும்ப எடுத்துக்குவேன்னு சொல்லியிருக்காரு."

அய்ஜான் அவன் கோட்டுப் பையில் கையை விட்டுப் போனை உருவினாள். அவன் தடுக்கப் பார்த்தான். குழந்தை இடையில் இருந்ததால் கையை இழுத்துக்கொண்டான். அவள் அன்றைய தேதியில் வந்திருந்த குரல்பதிவைத் தேடி எடுத்து அழுத்தினாள். கெங்கேஷின் குரல் முற்றத்தில் ஒலித்தது: "கல்யாணக்காரங்க எனக்கு வேண்டியவங்க, நேரத்துக்குப் போய்ச் சேரணும். அந்தச் சீக்காளியை முச்சந்தியில உதிர்த்துட்டுப் போ."

சிகரெட் சாம்பலைத்தான் உதிர்ப்பார்கள். ஜிபாருக்குக் காதுமடல் சுட்டது.

"ஒரு மாசமா இதைப் பையில வச்சுக்கிட்டா ஊமை மாதிரி இருந்த?" என்றாள் அய்ஜான் புருஷனிடம். "நான் போய் இவங்க முகத்துல காறித் துப்பாத குறையா கத்திட்டு வந்திருக்கேன். எழுது. இப்பவே எழுது. நீ எழுதல, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அவன் விறகுக்கட்டை மேலேயே தாளை வைத்து எழுதினான். நாலு வரி. கையெழுத்துப் போடும்போதுதான் முதல்தடவையாக ஜிபார் முகத்தைப் பார்த்தான்.

ஜிபாரின் இரண்டாவது புகார் முதலாவதைவிடச் சிறியது. 'வரவு எண் 31-க்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. நான் யாரையும் வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. அது நான் எழுதாத புகாருக்கு நீங்கள் கொடுத்த பதில். நான் எழுதிய புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதில் உண்மையில்லை. அதற்கான எர்மெக்கின் வாக்குமூலம் இத்துடன் உள்ளது, குரல்பதிவு மாவட்ட ஆபீசில் ஒப்படைக்கப்படுகிறது. உங்கள் உத்தரவால் நடந்ததற்கு எர்மெக் தண்டனை அனுபவிப்பதை நான் ஏற்கவில்லை. ஏழு நாள்.'

இந்தத் தடவை தரையில் உட்கார வேண்டியிருக்கவில்லை. கிளாராவே குமாஸ்தாவின் மேசைக்குப் போய் முத்திரையை எடுத்து, கட்டடம் அதிரக் குத்தினாள்.

ஐந்தாம் நாள் மதியம் கெங்கேஷே வந்தான். ஜிபார் அவனை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தாள். கொம்பும் பல்லுமாக அவள் மனதில் வைத்திருந்த ஆளுக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை. தொப்பை விழுந்த, சளி பிடித்த, சாதாரண ஆள். காரின் பின்பக்கத்தில் ஓர் ஆடு கட்டிக் கிடந்தது. அவன் அதைத் தானே இறக்கி, முற்றத்துக் கம்பத்தில் கட்டினான்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. பெரியவருக்கு உடம்பு தேறட்டும். அடிச்சுச் சாப்பிடுங்க."

"அவருக்கு மாமிசம் இத்தனூண்டுதான், அதுவும் உப்பில்லாம. உங்களுக்குத் தெரியாது."

"சரி, நீ சாப்பிடு. பிள்ளைங்க சாப்பிடட்டும். ஒரு பள்ளத்தாக்குல இருக்கோம், நாளைக்கு முகத்துல முகம் முழிக்கணும். நீ மாவட்டத்துக்கு எல்லாம் போய்... தடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு அங்க இருக்கிற ஆபீசர் என்னை மிரட்டுறான். வேற எவன் வருவான் இந்த ரோட்டுக்கு? வண்டியே இல்லாமப் போனா உனக்குத்தானே கஷ்டம்? ஒரு வரி எழுதிக் குடு, வாபஸ்னு."

"நான் கேட்ட மூணுக்கும் மூணு வரி எழுதிக் குடுங்க. நான் ஒரு வரி எழுதித் தரேன்."

"டிரைவர் கம்மனாட்டி பேச்சை நம்பி..."

"குரல் உங்களுது."

கெங்கேஷின் முகம் சிவந்தது. "பொம்பளைகிட்ட நான் பேசினதே தப்பு. பெரியவரைக் கூப்பிடு. அவரு விவரமான மனுஷன், அவருக்குப் புரியும்."

கதவு திறந்தது. ஷார்ஷென் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைக் காலருக்கு மேலே, கட்டுத்துணிக்குள்ளிருந்து குழாயின் முனை துருத்திக்கொண்டிருந்தது. கெங்கேஷ் அதைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பி ஆட்டைப் பார்த்தான். ஜிபார் அவர் வாயையே பார்த்தாள். 'விடு' என்று சொல்லிவிடுவார், இத்தனையும் ஒரே வார்த்தையில் போய்விடும் என்று நினைத்தாள்.

"கெங்கேஷ்" என்றார் ஷார்ஷென். "ஆட்டை வண்டியில ஏத்து."

"அண்ணே, நீங்களாச்சும்..."

"ஏத்திட்டுப் போ. முச்சந்தியில இறக்கி விட்டுராத. குளிரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆடு ஏற மறுத்தது. கெங்கேஷ் ஒற்றை ஆளாகத் தள்ளி ஏற்ற வெகுநேரமாயிற்று. ஜிபார் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாளே தவிர, ஒரு கை கொடுக்கவில்லை.

மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். குரல்பதிவைக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நாலு வரியில் பதில் வந்தது. வாசலுக்கு வண்டி வரும். நாலு இருக்கை ஒதுக்கப்படும். சம்பவத்தன்று நிர்வாகத்தின் உத்தரவின்பேரில் வண்டி திருப்பப்பட்டது. எர்மெக் மீண்டும் வேலையில் சேர்க்கப்படுகிறார். வருந்துகிறோம் என்ற சொல்லை ஜிபார் தேடினாள். இல்லை. "அதுக்கு மூணாவது புகார் எழுதட்டுமா?" என்றாள். "கொஞ்சம் மூச்சு விடு" என்றார் ஷார்ஷென்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வண்டி வாசலில் வந்து நின்றது. எர்மெக் இறங்கி வந்து, ஷார்ஷெனின் கக்கத்தில் கை கொடுத்து ஏற்றினான். அதைப் பார்ப்பதற்கென்றே ஜிபார் கொதிகலனை அரை மணி நேரம் தனியே விட்டு வந்திருந்தாள். அவள் அவனோடு பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஏப்ரலில் வலது கையில் தைத்தார்கள். அது பயன்படுத்தும் பதத்துக்கு வர ஜூன் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு நாளும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்தபிறகே வேலைக்குப் போனாள். இடது கை, அது போனது போனதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு எரிந்தது.

ஜூன் மாதம் ஒருநாள் அவள் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது கிளாரா கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு தாளைத் தள்ளினாள்.

"மலை மேல ஊர்லேருந்து ஒருத்தி குடுத்தா. படி."

ஜிபார் படித்தாள். 'உங்கள் வேன் என் கணவர் ஷார்ஷெனை முச்சந்தியில் இறக்கிவிட்டது' என்று இருந்தது. ஜனவரி 17 இருந்தது, இருபத்திரண்டு டிகிரி குளிர் இருந்தது, டாக்டர் சீட்டுகூட இருந்தது. கையெழுத்து மட்டும் வேறு.

"உன் புகார் நகல் ஊர் ஊராச் சுத்துதுடி" என்றாள் கிளாரா. "உன் வீட்டுக்காரருக்கு மலை மேல இன்னொரு பொண்டாட்டி இருக்கான்னே முடிவு பண்ணிட்டேன். அதோ, அந்த பெஞ்சுல."

பெஞ்சில் ஓர் இளம்பெண் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஜிபார் போய் நின்றதும், யாரென்று தெரியாமலே எழுந்தாள்.

"என்ன நடந்துச்சு உனக்கு?"

"அக்கா, எங்க அம்மா... கண்ணு சரியாத் தெரியாது அவங்களுக்கு. வேற ஊர்ல இறக்கி விட்டுட்டாங்க. எங்க இருக்கோம்னு தெரியாம மழையில..." முக்காட்டு முனையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஜிபாருக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கெங்கேஷின் ஏழு தலைமுறையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மென்று விழுங்கினாள். கண்ணாடிப் பக்கம் திரும்பி, "கிளாரா, ஒரு வெள்ளைத்தாள் குடு. ரெண்டாக் குடு" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து தாளை முழங்கால்மேல் விரித்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"அழுறது அப்புறம். மணி சொல்லு."